சூரியப் புயலுக்கு ஒதுக்கப்பட்ட குணாம்சங்கள்

சூரியன் அரசாங்கத்துக்கு அறிவித்தல் கொடுத்துவிட்டுக் கொதிப்பதில்லை. ஆனாலும் அது கொதிக்கப்போகிறது என்று கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டால், கண்டிக்குக் கிட்ட, பிலிமத்தலாவைப் பக்கத்து அரசாங்க அலுவலகம், அதாவது கந்தோர் ஒன்று சும்மா இருக்க முடியாது. விண்வெளி வானிலையால் ஆபத்து நேரலாம், ஆவன செய்யவும் என்று எழுதியிருந்தது. ஆவன என்றால் என்னென்ன என்று எழுதவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் பாரம் தியாகராஜா ஐயாவின் தலையில் விழுந்தது.

ஐயா அந்தக் கந்தோருக்குப் பெரியவர். யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர். விண்வெளியைப் பற்றிக் கந்தோரில் இருந்த ஒரே விஷயம், புதுக் கொம்பியூட்டரோடு இலவசமாக வந்த விளையாட்டு ஒன்றுதான். கிரகங்களைப் பிடித்து ஆளுகிற விளையாட்டு. முதலில் உங்கள் குடிமக்களுக்குக் குணாம்சம் வாங்க வேண்டும். நல்ல குணாம்சத்துக்குப் புள்ளி செலவாகும். கெட்டதை எடுத்தால் புள்ளி கிடைக்கும். பிறகு சூரியப் புயல் அடிக்கும். யார் எரிவது, யார் தப்புவது என்பதைக் குணாம்சம் தீர்மானிக்கும்.

ஐயா கதவைச் சாத்திக்கொண்டு ஆராய்ச்சி செய்தார். சகலரும் குணாம்சம் பதிந்த பிறகே வேறெந்தக் கருமமும் கவனிக்கப்படும் என்று உத்தரவு போட்டார்.

என் கருமம் சின்னது. கொழும்பில் குண்டு வெடித்த வாரம், கடுகண்ணாவைச் சோதனைச் சாவடியில் என் வீட்டுக்காரர் சுந்தரலிங்கத்தை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். இந்த ஊரில்தான் குடியிருக்கிறார் என்று கந்தோர்க் கடிதம் கொண்டுவந்தால் விடுவார்களாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐயாவின் முன்னால் போய் நின்றேன்.

"குணாம்சம் என்ன பிள்ளை?"

"எனக்குங்களா? சிரிச்ச மொகம்னு சொல்லுவாங்க ஐயா."

"அப்படியொண்டு விளையாட்டில இல்லை." இடுப்பைப் பார்த்தார். "வேகமாகப் பெருகுவோர்."

"ஐயோ, ஒன்னே ஒன்னுதாங்க!"

"கலியாணம் எப்ப?"

"போன வருசம்."

"அப்ப வேகம்தானே. பூர்வீகம்?"

"பன்வில தேயிலத் தோட்டங்க. தாத்தாவோட தாத்தா காலத்துலருந்து."

"அதுக்கு முந்தி?"

"இந்தியா."

"நாடோடி" என்று தட்டினார். "நாடோடியள்தான் புயலில முதல் எரிவினம்."

"நாலு தலமொறையா ஒரே லயத்து வீட்டுல கெடந்தோம். நாடோடியா ஐயா?"

"நான் உண்டாக்கின சட்டமே? விளையாட்டில அப்பிடி. இன்னொண்டு, நாடோடிக்கு வசிப்பிடம் உறுதிப்படுத்தேலாது. அது முரண்."

கடிதம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கடையில் பேரம் பேசிப் பழகிய புத்தி அப்போதுதான் வேலை செய்தது.

"ஐயா, கெட்டத எடுத்தா புள்ளி மிஞ்சுமாமே. எங்க வீட்டுக்காரருக்கு 'சோம்பேறி' போட்டுக்கங்க. அந்தப் புள்ளியில 'நிலையாக வாழ்வோர்' ஒன்னு குடுங்க."

ஐயாவின் முகம் மலர்ந்தது. "பிள்ளைக்கு விளங்கீட்டுது! சோம்பேறி எண்டதுக்கு ஆதாரம்?"

"காலையில வந்து பாருங்க ஐயா."

கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "ஐயாவுக்கு என்ன குணாம்சம்?" என்று மரியாதைக்குக் கேட்டு வைத்தேன்.

"அறிவாளி, தலைவர், நீண்ட ஆயுள். உத்தியோகத்தருக்குப் புள்ளி வரையறை இல்லை. புயல் எங்களைத் தொடாது."

அன்றைக்கே ஐயா, விளையாட்டைப் பார்த்துத் தயாரித்த புயல்காலத் திட்டத்தின் பிரதியைப் பொலிசுக்கும் அனுப்பிவைத்தார். சூரியப் புயலின்போது இப்பகுதியில் மின்சாரம் தடைப்படும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார். எந்த நாள் என்றுகூட எழுதியிருந்தார். அன்று இரவே, சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்தி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டிரான்ஸ்போமர் வெடித்தது. அது பழசு, மழை பெய்தாலே புகைகிற சாமான். ஆனால் விசாரணை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அடுத்த நாள் கடிதத்தோடு பொலிசுக்குப் போனால், இன்ஸ்பெக்டருக்கு முன்னாலிருந்த கதிரையில் தியாகராஜா ஐயா.

"நான் வெடிக்க வைக்கேல்லை. சூரியன்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் நல்லாய்த் தமிழ் பேசுவார். "மின்சாரம் போகும் என்று முன்கூட்டியே எழுதியது சூரியனா, நீங்களா?"

"நான்தான். ஆனா அது விஞ்ஞானம்!"

"சூரியன் பிறந்த ஊர் யாழ்ப்பாணமா?"

"இல்லை."

"நீங்கள் பிறந்த ஊர்?"

ஐயா தமது அடையாள அட்டையைப் பார்த்தார். அறிவாளி, தலைவர், நீண்ட ஆயுள் எதுவும் அதில் அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பிக் கடிதத்தை வாங்கினார். கையெழுத்தைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார்.

"இவரை உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் நான் சந்தேக நபரின் கூட்டாளி. தெரியாது என்றால் கடிதம் கள்ளம். உள்ளே கம்பிக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அப்பாவைக் கண்டு தாவியது.

"கையெழுத்தத் தெரியும் சார். ஆளத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தடவி யோசித்தார். கைதாகியிருப்பது ஆள். கையெழுத்து இன்னும் அரசாங்க சேவையில்தான் இருக்கிறது. சட்டப்படி சரிதான் என்று தீர்மானித்து என் வீட்டுக்காரரை வெளியே விடச் சொன்னார்.

ஐயா கதிரையோடு என் பக்கம் திரும்பினார். நான் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்வதில் கவனமாக இருந்தேன்.

ரோட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார்: "அந்தக் கதிரையில இருந்தவரு யாரும்மா? ஒன்னயப் பாத்து ரெண்டு கையெடுத்துக் கும்பிட்ட மாதிரி இருந்துச்சே."

"கொசு அடிச்சிருப்பாரு. பஸ் வருது, நடங்க."