மாமா வண்டியில் திறந்த கண்

ஒரு பொருளைப் பளபளவென்று ஆக்கியே தீருவேன் என்று ஒருவன் கிளம்பினால், முதலில் அவனை அந்தப் பொருளிடமிருந்து காப்பாற்ற வேண்டும். நான் கிளம்பிய அன்று அப்படிக் காப்பாற்ற வீட்டில் யாரும் இல்லை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அந்தோணி மாமா வேனை எங்கள் வாசலில் விட்டுவிட்டு, என்னை நம்பி (என்னை!), சாப்பிடப் போயிருந்தார்.

மறுநாள் நாங்கள் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. எஸ்தர், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஒரு தேர்த் திருவிழாவில் அவளைத் தூரத்தில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு முன் பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. விதைக்கடையில் பில் போடுகிற எனக்கு இதுவும் போனால் அவ்வளவுதான் என்று அம்மாவே முடிவுகட்டியிருந்தார். ஆகவே இறங்கும்போதே அவர்கள் அசந்துபோக வேண்டும் என்று நினைத்தேன். ஆளைத் தேற்ற நேரமில்லை. வண்டியைத் தேற்றலாம்.

மாமாவின் வேன் கத்தரிக்காய் நிறம். சின்னசேலத்தில் ஒரு புரோக்கரிடம் பழையதாக வாங்கியது. மக்காச்சோள மூட்டை ஏற்றி ஏற்றி, வதங்கிய கத்தரிக்காயாக இருந்தது.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஒரு பாய் கடையில் பாலிஷ் மெஷின் கேட்டேன். இரண்டு ரகம் எடுத்து வைத்தார். ஒன்று நேராக, ஒரே வெறியாகச் சுற்றும். அழுத்திப் பிடித்தால் பெயிண்டையே உரித்துவிடும். இன்னொன்று சுற்றிக்கொண்டே கொஞ்சம் தள்ளாடும். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் பழகாத கையில் கொடுத்தாலும் பெரிய சேதம் வராது. நான் ஒரு வாரமாகக் கைப்பேசியில் வீடியோ பார்த்தவன். ஆகவே பழகாத கை என்பது என்னைக் குறிக்காது.

"நேரா சுத்துறதே குடுங்க பாய்" என்றேன்.

"வண்டி யாருது தம்பி?"

"மாமாவுதுங்க."

"அப்ப இத்தையே எடுத்துக்கினு போ."

மெஷினில் மாட்ட ஸ்பாஞ்சும் இருந்தது, கம்பளியும் இருந்தது. முரட்டுக் கம்பளியை வாங்கினேன். வழவழப்பான பாலிஷ் இருந்தும் நறநறவென்ற காம்பவுண்டுப் பசையை வாங்கினேன். கதவு விளிம்புகளில் ஒட்டிக்கொள்ள டேப்பும் வாங்கினேன். ஒட்டத்தான் இல்லை. கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துப் பார் என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். கண்ணில் படாத இடத்தைப் பாலிஷ் போட்டு யாருக்கு என்ன லாபம்? நேராக இடது பக்கத்துப் பெரிய கதவில் வைத்தேன். மலையில் நாங்கள் இறங்கப்போவது அந்தப் பக்கம்தான்.

மத்தியானம். வானம் மூடிக்கொண்டு வந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மெஷின் ஊளையிட்டது. கொஞ்ச நேரத்தில் கதவின் நடுவில் வெள்ளையாக ஒரு தேமல் தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து அழுத்தினேன். தேமல் பெரிதானது. இன்னும் அழுத்தினேன். அப்போது கரண்டு போனது.

மெஷின் நின்றது. குனிந்து காம்பவுண்டைத் துடைத்தேன். கத்தரிக்காய் நிறத்துக்கு அடியிலிருந்து ஒரு புருவம். அதன் கீழே ஒரு கருவிழி. அது என்னைப் பார்த்தது.

நான் இடப்பக்கம் நகர்ந்தேன். அதுவும் பார்த்தது. வலப்பக்கம் நகர்ந்தேன். (அங்கேயும்தான்.) கரண்டு வந்தவுடன் ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது, தேய்த்து அழித்துவிடலாம் என்று. தேய்த்தேன். கண் முழுதாகத் திறந்துகொண்டது. இமை முடிகள் வந்தன. கடைசியில் கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீரும் வந்தது. கதவு அகலத்துக்கு ஒரு கண், அழுதுகொண்டு.

சாப்பிட்டுவிட்டு வந்த மாமா சிலுவை போட்டுக்கொண்டார்.

"இன்னா மாப்ள இது? முழிச்சிக்கினு பாக்குது!"

"நான் வரையல மாமா. உள்ளயே இருந்துச்சு."

"உள்ளயே இருந்துச்சா?" மாமா இரண்டடி பின்னால் போனார். "அந்தப் புரோக்கரு இன்னா வண்டிடா குடுத்தான் எனக்கு?"

வேறு வண்டி பிடிக்க வழியில்லை. செய்தித்தாளை அடுக்கி, நான் ஒட்டாமல் வைத்திருந்த அதே டேப்பால் அந்தக் கண்ணை மூடினோம். மறுநாள் காலையில் அம்மா ஜெபமாலையைக் கையில் பிடித்தபடியே, வலது பக்கக் கதவு வழியாக ஏறினார்.

மலை ஏற ஏறப் பனிமூட்டம் இறங்கியது. முன்னால் ரோடே இல்லை. கதவில் ஏதோ ஒன்று ஈரமாகப் பட் பட்டென்று அறைந்துகொண்டே வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அம்மா ஜெபமாலையை வேகமாக உருட்டினார்.

ஒரு வளைவில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். எங்கள் வண்டி கடந்ததும் அவர் தலை மெல்லத் திரும்பியது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தார். அடுத்த வளைவில் இரண்டு பேர். அவர்களும் நடக்க ஆரம்பித்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, கை காட்டவில்லை.

"தம்பி, நிறுத்தாத" என்றார் அம்மா, வண்டி ஓட்டிய மாமாவிடம்.

இன்ஜின் சூடேறி வண்டியே நின்றது.

பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். இடது பக்கம் மட்டும் கூடினார்கள். அந்தப் பெரியவர் என் ஜன்னலுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தார். ஒரு விரலால் தன் கீழ் இமையை இழுத்து, வெண்ணிறம் படர்ந்த கண்ணை எனக்குக் காட்டினார். அவருக்குப் பின்னால் இருந்த அம்மாளும் இமையை இழுத்துக் காட்டினார். அதற்குப் பின்னால் இன்னொருவர்.

நான் கத்தினேன். வீரமாகக் கத்தினேன் என்று பிற்பாடு சொல்லிப் பார்த்தேன், மாமா ஒத்துக்கொள்ளவில்லை. எப்படியோ வண்டி கிளம்பியது. திரும்பிப் பார்த்தால் அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

எஸ்தரின் வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியாரான அவள் அப்பா எங்களை உட்காரவைத்தார். என் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அவர் என் சம்பளத்தைக் கேட்க வாயெடுத்தபோது வாசலில் நிழலாடியது. ஜன்னல் வழியே பார்த்தேன். அதே ஆட்கள். வேனுக்கு எதிரில் வரிசையாக உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். பேப்பர் ஒரு துண்டுகூட மிச்சமில்லாமல் கதவிலிருந்து கண் அவர்களைப் பார்த்தது.

"யாருங்க நீங்க? இன்னாத்த கூட்டிக்கினு வந்திருக்கீங்க?" வாத்தியார் எழுந்துவிட்டார். போச்சு, இந்த இடமும் போச்சு என்று அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

காபித் தட்டோடு வந்த எஸ்தர் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். தட்டை அப்படியே மேஜையில் வைத்தாள்.

"அப்பா, கண்ணு வண்டிப்பா!"

அவள் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது. சில வருஷத்துக்கு முன் வெள்ளை வேன் ஒன்று கண் முகாமுக்காக மலைக்கு வந்துகொண்டிருந்ததாம். இரண்டு பக்கக் கதவிலும் பெரிய கண், அதற்குக் கீழே மருந்துச் சொட்டு. திடீரென்று வருவது நின்றுவிட்டது. விற்ற வண்டிக்கு யாரோ மலிவாகக் கத்தரிக்காய் நிறம் பூசியிருக்கிறார்கள்.

"அந்தப் பெரியவருக்கு ஒரு கண்ணுதான் ஆபரேஷன் ஆச்சு" என்றாள். "இன்னொண்ணு அடுத்த தடவ வர்றப்பன்னு சொல்லிட்டுப் போனாங்க. கள்ளக்குறிச்சிக்குப் போங்கன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். வண்டி வந்தாத்தான் போவேன்னு உக்காந்துக்கினு இருக்காரு."

எனக்குப் பயமெல்லாம் வடிந்து வெட்கமாக இருந்தது. அவர்கள் எங்களைத் துரத்தவே இல்லை. கொடுத்த வாக்கு ஒன்று திரும்பி வந்துவிட்டதாக நினைத்துப் பின்னால் நடந்திருக்கிறார்கள்.

பெண் பார்க்கும் சடங்கு அதோடு சரி. பெண் டார்ச்சை என் கையில் கொடுத்தாள். நான் வெளிச்சம் காட்ட, அவள் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துச் சீட்டு எழுதினாள். வெளிச்சம் கண்ணை விட்டு மூக்குக்கும் காதுக்கும் போனது.

"நேரா புடிங்க. மெஷின மட்டும் அழுத்திப் புடிக்கத் தெரியுதா?" அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். (மாமா எல்லாவற்றையும் உளறியிருந்தார்.)

திரும்பும்போது வேன் நிறைய ஆட்களை ஏற்றிக் கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எங்களுக்கே இடமில்லை. நான் மூட்டை வைக்கிற இடத்தில் குந்திக்கொண்டு வந்தேன். மறுவாரம் வாத்தியாரிடமிருந்து சம்மதம் வந்தது. பையனுக்கு வேலை தெரியாது, ஆனால் கூப்பிட்ட இடத்துக்கு வண்டி வருகிறது என்று சொன்னாராம்.

அந்த மெஷின் இன்றும் பரணில்தான் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் கையை நீட்டினால் போதும், எஸ்தர் கீழ் இமையை இழுத்துக் காட்டுவாள். இப்போது எங்கள் மகளும் காட்டுகிறாள்.

மாமா கதவுக்குப் பெயிண்ட் அடிக்கவே இல்லை. மாதம் ஒருமுறை அந்தக் கண்ணோடு மலைக்குப் போய் ஆட்களை ஏற்றி வருகிறார். எங்கள் கல்யாணத்துக்கு அந்தப் பெரியவர் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து வேனைச் சுற்றி வந்து, நான் கை வைக்காத வலது பக்கக் கதவைத் தடவிப் பார்த்தார். பிறகு மாமாவைக் கேட்டார்:

"எனக்கு ரெண்டும் தொறந்தாச்சு. இதுக்கு இன்னொண்ண எப்ப தொறக்கப் போற?"

அன்றிலிருந்து மாமா அந்தப் பக்கத்தை மட்டும் ஈரத்துணியால், மெதுவாகத்தான் துடைக்கிறார்.