பாலம் பழுதுபார்ப்பு மசோதா

ஒரு பேரவை ஒழுங்காக நடக்க வேண்டுமானால், எதை முதலில் எடுப்பது என்ற தெளிவு வேண்டும். இந்தப் பேரவை அந்த ஒழுங்கில் அளவுகடந்த அக்கறை கொண்டது. அதனால்தான் இரண்டு வருடமாக அது எதையுமே எடுக்கவில்லை.

சும்மா இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பாவம். தினமும் மணி அடித்ததும் பட்டியலின் முதல் மசோதாவை நிரல் எழுத்தர் வாசிப்பார். “வரிசையை முடிவு செய்றவன் நான்” என்பார் பேரவைத் தலைவர். “அப்ப எங்க குழு டீ குடிக்கவா இருக்கு?” என்று எகிறுவார் அலுவல் குழுத் தலைவர். சாயங்காலம் ஆகிவிடும். வாசித்தும் எடுக்கப்படாத மசோதா பட்டியலின் அடிக்குப் போக வேண்டும் என்பது விதி. விதியை மட்டும் யாரும் மீறியதில்லை.

அந்த எழுத்தரை ஊரே ‘நம்பரண்ணன்’ என்றுதான் கூப்பிடும். அவர் வீடு ஆற்றுக்கு அந்தக் கரை. பேரவையும் ஆஸ்பத்திரியும் இந்தக் கரை. நடுவே ஒரு மரப்பாலம், காலை வைத்தால் ஊஞ்சலாடும். அதைப் பழுதுபார்க்கும் மசோதா மூன்று முறை உச்சிக்கு வந்து, மூன்று முறையும் அடிக்குப் போயிருந்தது.

“பாலம் எப்பங்க?” என்று கேட்டாள் மனைவி.

“பதினேழாவதா நிக்குது.”

“பொண்ணுக்கு நிறைமாசம். பிள்ளையையும் ஒரு சுத்து அடிக்குப் போயிட்டு வரச் சொல்லட்டுமா?”

நம்பரண்ணனுக்குச் சுருக்கென்றது. மறுநாளே தலைவரின் அறைக்குப் போய்க் கெஞ்சினார்.

“நல்ல மசோதாய்யா. ஆனா நான் எடுத்தா குழுக்காரர் குதிப்பாரே” என்றார் தலைவர்.

குழுக்காரரோ, “எனக்கும் உசிரான மசோதாதான். அவர் எடுத்துப் பேர் வாங்கிடக் கூடாதுன்னுதான் தடுக்கிறேன்” என்றார்.

பாலத்தை முதல் எண்ணாக்கி ஒரு தாள் தட்டச்சு செய்தார் நம்பரண்ணன். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று அடுத்த ரகளை. ஒரே மேசை, இரண்டு பேனா, “ஒண்ணு, ரெண்டு, மூணு!” என்று இவரே எண்ண, இருவரும் ஒரே நொடியில் போட்டார்கள். நம்பரண்ணன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

மறுநாள் விடியற்காலை மழையில் பாலம் போய்விட்டது.

மகளுக்கு வலி எடுத்திருந்தது. அவளைக் கைத்தாங்கலாகக் கரைக்குக் கூட்டி வந்தபோது கைப்பேசி அலறியது. தலைவர்தான்.

“அந்தக் கரை உறுப்பினர் யாரும் வரல, மசோதா எடுக்க ஆள் பத்தாது. இரங்கல் தீர்மானத்துக்கு அந்தக் கணக்கு இல்ல பாருங்க, பாலத்துக்கு ஒண்ணு போட்டுட்டோம். ஏகமனதா! குழுக்காரர் கண்கலங்கிட்டார்.”

கரையில் நாற்பத்திரண்டு பேர் நின்று பேரவையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். “வரிசைக்கே ரெண்டு வருஷம் அடிச்சுக்கிட்டானுங்க, உருப்படுவானுங்களா?” என்றார் பால்காரர். இருந்ததோ ஒரே படகு, ஆறு பேருக்குத்தான் இடம். மகளை அதில் உட்கார வைத்ததும் பால்காரருக்கு ரோஷம் வந்தது.

“அவங்க போகட்டும், வேணாம்னு சொல்லல. மிச்ச அஞ்சு பேர் யாரு?”

“முதல்ல வந்தது நான்” என்றார் தையல்காரர். உறுப்பினர்கள் தங்கள் பதவியை நினைவூட்டினார்கள். ஆளுக்கொரு கை படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. “முறையா ஒரு பட்டியல் போட்டுட்டா சண்டையே இல்லையே, நம்பரண்ணன்தான் இருக்காரே!” என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். நம்பரண்ணனின் கை தானாகவே பேனாவின் மூடியைக் கழற்றியது.

“அப்பா!” என்று படகிலிருந்து கத்தினாள் மகள்.

“இரும்மா, தையல்காரர் ஒரு ஆட்சேபனை சொல்றார். பதிவு பண்ணிட்டு வந்துடறேன்.”

மனைவி அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அவளும் இன்னும் நாலு பெண்களும் போர்வையைப் பிடித்து மகளை மறைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாம் எண்ணைப் பற்றிய விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது, கட்டிப்போட்ட படகிலேயே பிள்ளை பிறந்து வீறிட்டது.

கரையே கைதட்டியது. பால்காரர் நம்பரண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“பேரன் பொறந்திருக்காண்ணே! ரொம்ப சந்தோஷம். ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? தம்பி இப்பத்தானே வந்தாரு?”

நாற்பத்திரண்டு தலைகளும் ஆமாம் என்று ஆடின. நம்பரண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டியலின் அடியில் அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘43. பேரன்.’