முப்பத்தைந்தில் நின்ற கம்ப்யூட்டர்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் விஷயம். ஒரு ஒயருக்குப் பதில் இன்னொரு ஒயரைச் சொல்லிவிட்டால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். கதை ஒயரைப் பற்றியது இல்லை, அதைச் செருகிய மனுஷரைப் பற்றியது.

அவர் ஒரு மோட்டார் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். இருபத்திரண்டு வருஷமாக நட்டு, போல்ட்டு, பேரிங் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. புதுச் சாமான் மாட்டினால், அது ஆறு மாதம் ஒழுங்காக ஓடுகிறவரை பழசைப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். புதுசை நம்பக் கூடாது. சட்டம் பட்டறையோடு நிற்கவில்லை. வீட்டில் புதுக் குடைக்குப் பின்னால் அதே ஆணியில் பழைய குடையும் தொங்கும். புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு கிளம்பினால் பழைய செருப்பு பைக்குள் கூடவே போகும்.

அவர் மனைவி தையல்காரி. முன் அறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை. அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் அவளுக்குக் கிடைத்தது. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். நெளிகிற பிள்ளையை அதட்டி, சிணுங்குகிற பிள்ளையைத் தாஜா பண்ணி, தோள், மார்பு, இடுப்பு, உயரம் என்று அளந்து சீட்டில் எழுதி வந்தாள். அவர் அந்த அளவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஏற்றி முடித்ததும் எழுந்து நின்று, மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவர் மாதிரி நிமிர்ந்து, "இன்னையிலேர்ந்து இந்த வீட்ல பேப்பர் கிடையாது" என்று அறிவித்தார். நூற்றுப் பன்னிரண்டு சீட்டையும் கிழித்துப் போட்டார்.

மறுநாள் அந்தக் கம்ப்யூட்டரைப் பிரித்தார்.

மெதுவாக ஓடுகிறதாம். புது டிஸ்க் ஒன்று வாங்கி வந்தார், பிஸ்கட் அளவுதான் இருக்கும். பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அப்படியே அதில் நகல் எடுத்தார். பொய் சொல்லக் கூடாது, இதுவரை நன்றாகத்தான் செய்தார். கம்ப்யூட்டர் பறந்தது. அரை நாள் பறந்தது. அப்புறம் அப்டேட் வந்தது.

திரையில் வட்டம் சுற்றியது. பத்து, இருபது, முப்பது, முப்பத்தைந்து சதவீதம். அங்கே நின்றது. 'முடியவில்லை, செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறோம்' என்று ஒரு வரி வந்தது. தானே அணைந்தது, தானே எரிந்தது, மறுபடி முதலிலிருந்து சுற்றியது. புதன்கிழமை இப்படி ஒன்பது தடவை. வியாழக்கிழமை எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

"நான் அந்த அளவை மட்டும் ஒரு நோட்டுல எழுதிக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"தொடாதே. அப்டேட் பாதியில நிக்கும்போது தொட்டா எல்லாம் போயிடும்."

"திங்கக்கிழமை துணி வெட்டணுங்க. வெட்டினாத்தான் பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள முடியும்."

"அதான் நான் இருக்கேன்ல?"

அவர் இருப்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பட்டறைக்கு லீவு போட்டார். வீட்டில் ஊரடங்கு வந்தது. கரண்டை இழுக்கும் என்று மிக்சி கூடாது. அயர்ன் பாக்ஸ் கூடாது. தையல் மெஷின் ஓட்டினால் தரை அதிருமாம். முப்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டால் யாரும் நடக்கவே கூடாது. ஒரு தடவை முப்பத்தி நாலில் மனைவிக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்க நின்றாள். அப்படியும் அது முப்பத்தைந்தில் நின்றது.

"தும்மினியா?"

"இல்லையே!"

"தும்மணும்னு நினைச்சே."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு அடுத்த அறிவிப்பு வந்தது.

"முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாத்தையும் அழிச்சிட்டு, முதல்லேர்ந்து புதுசா போடறேன்."

"எல்லாத்தையும்னா? என் அளவு?"

"அதெல்லாம் எங்கயாவது இருக்கும்."

"எங்கயாவதுன்னா எங்கங்க?"

"கம்ப்யூட்டர்ல அழிச்சா நிஜமா அழியாதும்மா. உனக்குச் சொன்னாப் புரியாது. ரெண்டையும் சுத்தமா துடைச்சிடறேன், அப்பத்தான் சண்டை இருக்காது."

"ரெண்டா? எந்த ரெண்டு?"

"புது டிஸ்க் ஒண்ணு, பழைய டிஸ்க் ஒண்ணு."

"பழசு இன்னும் உள்ளேயா இருக்கு?"

"பின்னே? ஆறு மாசம் ஆகலையே. ஒயரோட துணைக்கு விட்டு வெச்சிருக்கேன்."

தையல்காரிக்குப் போன வருஷம் ஒரு சட்டையைக் கெடுத்தது ஞாபகம் வந்தது. பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று மறுபடி அளந்து, புதுச் சீட்டைத் துணியில் குத்தினாள். பழைய சீட்டைக் கழற்ற மறந்துவிட்டாள். கை பழசைப் பார்த்து வெட்டிவிட்டது. முழுக்கைச் சட்டை முழங்கையோடு நின்றது.

"என்னங்க, ரெண்டும் அச்சா ஒரே மாதிரிதானே இருக்கு? அப்டேட்டு வந்து எதுல எழுதறதுன்னு தெரியாம முழிக்குதோ என்னவோ. பழசைக் கழட்டிட்டுப் பார்த்தா என்ன?"

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். "கம்ப்யூட்டர் என்ன கவுனா, நீ யோசனை சொல்றதுக்கு?"

"என் சீட்டை நூத்துப் பன்னெண்டையும் கிழிக்கத் தெரிஞ்ச கைக்கு, ஒரு பழைய டிஸ்க்கைக் கழட்ட வரலையாக்கும்."

"அது பேப்பர். இது சாமான்."

சாமான் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. இன்னும் ஒரு வார்த்தை பேசினால், வீம்புக்காகவே மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கி மாட்டுகிற ஆள். அவளுக்கு அது தெரியும். பேச்சை நிறுத்திவிட்டு ஒரு துண்டுத் துணியை எடுத்து நீட்டினாள்.

"ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கே. இந்தத் துணிக்கு நூல் வேணும். கடைக்காரன் அடர் நீலம் கொடுப்பான், வாங்கக் கூடாது. வெளிர் நீலமும் ஆகாது. சாம்பிளோட அப்படியே பொருந்தணும். இதெல்லாம் உங்க கண்ணுக்குத்தான் முடியும்."

ஸ்டோர் கீப்பரிடம் சாம்பிளைக் கொடுத்து, பொருந்துகிற சாமான் கொண்டு வா என்றால் நிலாவுக்குக்கூடப் போய்விட்டு வருவார். செருப்பை மாட்டினார், பழைய செருப்பைப் பையில் போட்டார், போனார்.

அவள் கதவைத் தாழ் போட்டாள். சுவிட்சை அணைத்தாள். அணைத்தது போதாது என்று பிளக்கையும் பிடுங்கினாள். பிடுங்கியது போதாது என்று ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டாள். பெட்டியின் பக்கத்து மூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே ஒரு மூலையில் புது டிஸ்க். கீழே, தூசி படிந்து, செங்கல் மாதிரி பழைய டிஸ்க், பின்னால் இரண்டு ஒயர். இதைப் பிடுங்கி எல்லாமே போய்விட்டால்? பிடுங்காவிட்டால் ஆறு மணிக்குப் போகத்தான் போகிறது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஆடுகிற பல்லைப் பிடுங்குகிற மாதிரி இரண்டையும் இழுத்தாள். ஒன்றும் வெடிக்கவில்லை. மூடியைப் பழையபடி மாட்டி, கையைக் கழுவிக்கொண்டு, வேறொரு சட்டைக்குப் பட்டன் காஜா எடுக்க உட்கார்ந்தாள்.

ஐந்தரைக்கு அவர் வந்தார். "நாலு கடை! நாலாவது கடையில, கீழ் தட்டுல, பின்னாடி இருந்துச்சு. பொருந்துதா பாரு!"

"அப்படியே பொருந்துது. உங்களை விட்டா யாருங்க?" என்றாள். அப்புறம் மெதுவாக, "அழிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்களேன். எனக்காக."

நாலு கடை வென்று வந்தவர், தாராளமாக இருந்தார். "ஒரே தடவைதான். ஆனா இந்தத் தடவை சூடேறக் கூடாது." டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து பெட்டிக்கு எதிரே வைத்து வேகமாக விட்டார்.

பத்து. இருபது. முப்பது. அவள் கத்திரிக்கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தி நாலு. முப்பத்தைந்து.

முப்பத்தாறு.

"போச்சு! தாண்டிப் போச்சு!" அவர் நாற்காலியிலிருந்து துள்ளினார். "ஃபேன்! நான் அப்பவே நினைச்சேன், சூடுதான்!"

நூறு வந்தது. திரை விடிந்தது. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் தோள், மார்பு, இடுப்பு, உயரத்தோடு பத்திரமாக இருந்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் மாடி வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரைக் கையோடு அழைத்து வந்தார். "சார், இது காத்தோட்ட விஷயம். உள்ளே பாருங்க" என்று மூடியைத் திறந்தார்.

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "ஏன் சார், இதுல ரெண்டு ஒயர் கழண்டு தொங்குதே?"

அவர் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ஃபேன் காத்துல கழண்டிருக்கும்ங்க" என்றாள், தலை நிமிராமல்.

அவர் எட்டி ஃபேனை நிறுத்தினார்.

"கழட்டினதே நான்தான் சார்" என்றார் அவர். "பழைய டிஸ்க் உள்ளே இருந்தா அப்டேட்டு குழம்பும். இவளுக்குக்கூட மத்தியானமே விளக்கமா சொன்னேன்."

"ஆமா சார், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சொன்னாரு" என்றாள் அவள்.

வாத்தியார் கைகுலுக்கிவிட்டுப் போனார். கைகுலுக்கியதுதான் வினையாகிப் போனது. "நாளைக்கு மெமரியையும் மாத்திடறேன்" என்றார் அவர். "இப்ப என்ன நம்பர் மெமரி இருக்குன்னு காலையில கம்ப்யூட்டர்ல பார்த்துக்கிட்டு, போய் வாங்கிட்டு வரேன்." சொல்லிவிட்டு, வெற்றிக் களைப்பில் சோபாவில் சாய்ந்து குறட்டை விட்டார்.

அவள் அந்த நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை நினைத்தாள். இந்தத் தடவை ஒயரோடு போயிற்று, அடுத்த தடவை எதோடு போகுமோ? நூலை வாயில் கடித்து அறுத்தாள், எழுந்தாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் அவரிடம் நாலு இலக்க எண் கேட்டது.

"என்னம்மா இது?"

"பூட்டுங்க. நான்தான் போட்டேன். மறக்கக் கூடாதுன்னு சுலபமான நம்பரா வெச்சிருக்கேன். உங்க இடுப்பளவு, அதுக்கு அப்புறம் உங்க மார்பளவு. நேத்து நீங்க சோபாவுல படுத்திருந்தப்ப டேப்பு வெச்சு எடுத்தேன்."

"அட, இவ்வளவுதானா?" என்று வயிற்றை எக்கிக்கொண்டு முப்பது, முப்பத்தெட்டு என்று தட்டினார். திறக்கவில்லை.

"கொஞ்சம் மேல போங்க."

முப்பத்தொன்று. யோசித்து, கதவைச் சாத்திவிட்டு வந்து, முப்பத்திரண்டு.

"இன்னும் மேலங்க."

"உன் டேப்பு தப்பு" என்று எழுந்துவிட்டார்.

நூற்றுப் பன்னிரண்டு சீருடையும் தைத்துக் கொடுத்து மாதம் மூன்றாகிறது. கம்ப்யூட்டர் பத்திரமாக இருக்கிறது. முப்பத்திரண்டுக்கு மேல் ஒரு எண்ணைத் தட்ட அவருக்கு இன்னும் மனசு வரவில்லை.