ஊதல்நாதரும் மாமியாரின் முழங்கைகளும்

லாண்டரிக் கடை மாடிப்படியில் கூட்டம் சொறிந்துகொண்டே நின்றது. மேலே ஊதல்நாதர். எந்த அரிப்பானாலும் சரி, திரைக்குப் பின்னால் போய் டப்பாவில் வெள்ளைக் களிம்பை அள்ளி வருவார். கண்ணை மூடி அதில் ஒரு ஊது ஊதித் தருவார். தடவினால் அரிப்பு பறந்துவிடும். களிம்பு வெறும் பசைதானாம், குணப்படுத்துவது அவருடைய மூச்சாம். படர்தாமரைக்காரர்களுக்கு மட்டும் காசளவு இருந்தது கொஞ்ச நாளில் தட்டளவு ஆகும். "உள்ளே இருந்த பாவம் வெளியே வருது" என்பார். அவர்களும் மனம் குளிர்ந்து இன்னொரு டப்பா வாங்குவார்கள். பாவத்துக்கு என்ன பஞ்சமா?

ஒரு மாமியாருக்கு இரண்டு முழங்கையிலும் கரப்பான் சொறி. ஆறு மாதப் பேரனுக்குக் கன்னத்தில் சிவந்த தடிப்பு. ஊதின களிம்பை அந்தக் கன்னத்தில் பூசியே தீருவது என்று மாமியார் கிளம்பிவிட்டார். மருமகள் வாசலை மறித்தாள்.

"அத்தை, என்னன்னே தெரியாததைப் பிள்ளை மூஞ்சியில பூச விடமாட்டேன்."

"ஊரே பூசுது. உனக்கு மட்டும் என்னடி பெரிய சந்தேகம்?"

"சரி, முதல்ல உங்க கையில பார்ப்போம். மூச்சுதான் மருந்துன்னு தெரிஞ்சா நானே பிள்ளையைத் தூக்கிட்டு வரேன்."

இருவரும் மாடி ஏறினார்கள். கடையில் வாங்கிய வெறும் பெட்ரோலியம் ஜெல்லியை மருமகள் நீட்டினாள். "ஐயா, இதுல ஊதுங்க." கூட்டம் பார்க்கிறதே, மறுக்க முடியுமா? எச்சில் தெறிக்க ஊதினார். அடுத்து அவருடைய களிம்பில் ஒரு டப்பா கேட்டாள். வாயைக் குவித்துக்கொண்டு குனிந்தவரைத் தடுத்து, மூடியைப் போட்டு அழுத்தினாள். "இது ஊதாமலே இருக்கட்டும்."

"ஊதாததை எருமைக்குத் தடவினாக்கூட கேக்காதும்மா" என்று படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவருக்கு உறைக்கவில்லை.

ஊதின ஜெல்லி வலது முழங்கைக்கு. ஊதாத களிம்பு இடது முழங்கைக்கு. ஒரு வாரம் போனது. வலதில் அதே சொறி, இடதில் சுத்தம். மாமியார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. ஊதல்நாதர் செய்த ஒரே அற்புதம் அதுதான்.

பிறகு மாமியார் விறுவிறுவென்று மாடிக்குப் போய்க் கூட்டத்தின் நடுவே இரண்டு கையையும் நீட்டினார். "ஊதினது அரிக்குது, ஊதாதது ஆறிடுச்சு. என்னய்யா கதை இது?"

"மூச்சு வலது கையில பட்டு, இடது கைக்குத் தாவிடுச்சும்மா."

"அது மூச்சா, குரங்கா?"

யாரோ சிரித்தார்கள். யாரோ திரையை இழுத்தார்கள். பின்னால் களிம்பு கலக்கி வைத்த ஒரு வாளி, சுற்றிலும் பிதுக்கிப் போட்ட மருந்துக்கடை ட்யூப்கள் குவியலாகக் கிடந்தன.

மருமகள் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அத்தையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தோல் டாக்டரிடம் போனாள். "வீரியமான ஸ்டீராய்டு. மருந்து நல்ல மருந்துதான், ஆளுதான் மோசம்" என்றார் அவர். "கரப்பானுக்கு மெல்லிசா, சொன்ன இடத்துல, சொன்ன நாள் வரைக்கும்தான் தடவணும். படர்தாமரையில தடவினா பரவும். இஷ்டத்துக்கு மாசக்கணக்கா போட்டா தோல் காகிதமாயிடும். குழந்தை கன்னத்துல இதைத் தொடவே கூடாது."

மாமியார் பேரனை இறுக்கி அணைத்துக்கொண்டார். "நீ தடுக்கலேன்னா நானே பூசியிருப்பேனேடி" என்று மருமகளிடம் சொல்லி அழுதுவிட்டார்.

அதோடு ஊர் திருந்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்து உள்ளே வந்த மனிதர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். "எழுதிட்டீங்க டாக்டர். அப்படியே ஒரு தடவை ஊதிக் குடுத்துடுங்களேன்."

தோலில் வந்த அரிப்புக்குக் களிம்பு இருக்கிறது ஐயா. மண்டைக்குள் தடவ ஒன்றும் வரவில்லை. அங்கே நீங்களேதான் யோசித்தாக வேண்டும்.