நான் ஒட்டிய ஸ்டிக்கர்

மறதிக்காரர்களால் பெரிய ஆபத்தில்லை. ‘எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு’ என்று அடித்துச் சொல்கிறவர்களால்தான் ஆபத்து. நான் இரண்டாவது ரகம்.

அப்போது கேளம்பாக்கம் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தோல் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தேன். (“தோலா? பியூட்டி பார்லரா?” என்று மதுராந்தகத்தில் என் அம்மாவிடம் கேட்காத ஆளில்லை.) தோலின் அடி அடுக்கிலுள்ள செல்கள் தங்களைப் போலவே இன்னும் சிலவற்றை உண்டாக்கிக்கொள்ளும், முதிர்ந்து, மேலே போய் உதிர்கிறவற்றையும் உண்டாக்கும். எது எப்போது என்று சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று கால்சியம். குறைந்தால் இளமையாகவே பெருகும். கூடினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு முதிரும். இதை இரண்டு தட்டுகளில் ஆய்வுக் குழுவுக்குக் காட்ட வேண்டும். அவர்களுக்குத் திருப்தியானால்தான் ஆய்வைத் தொடரலாம்.

காட்ட வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பு, செல்களுக்கு ஊற்றுவதற்காக வெந்நீர்த் தொட்டியில் வைத்த இரண்டு மருந்து பாட்டில்களின் (ஒன்றில் கால்சியம் குறைவு, இன்னொன்றில் அதிகம்) ஸ்டிக்கர்களும் கழன்று மிதந்தன. நான் யோசிக்கவே இல்லை. ஞாபகத்திலிருந்து ஒட்டினேன்.

குழு வந்த அன்று காலையாவது நுண்ணோக்கியில் ஒரு முறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை!

“சார், இடது தட்டுல இருக்கிறது இளம் செல்கள்.”

குழுத் தலைவர் குனிந்து பார்த்தார். “பாய் விரிச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு எல்லாம் முதிர்ந்துபோச்சேம்மா?”

வலது தட்டில், முதிர்ந்திருக்க வேண்டியவை உதிரி உதிரியாக, இளமையாக இருந்தன.

தப்பு என்று அப்போதே ஒத்துக்கொண்டிருக்கலாம். நானோ, புதுக் கண்டுபிடிப்பு என்றேன். கால்சியத்தால் இளமை திரும்புகிறது, இத்தனை நாளாக உலகம்தான் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறது என்று பலகை முழுக்க அம்புக்குறி போட்டுத் தள்ளினேன்.

அந்த நேரம் பார்த்து தனம் அக்கா டீயோடு வந்தார். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்துக்காரர். எங்கள் கண்ணாடிச் சாமான்களைக் கழுவித் தருபவர். மேசையிலிருந்த பாட்டில்களைப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, அன்னிக்கு தண்ணில மெதந்துகினு இருந்திச்சே, அந்த ஸ்டிக்கரா இது? கரீட்டா பாத்துதான ஒட்டுன?”

என் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது. பிறகு தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“செல்லுக்குப் படிக்கத் தெரியாதும்மா. பாட்டில்ல என்ன இருந்துச்சோ, அது சொன்னதைக் கேட்டிருக்கு. ஒரு மாசம் கழிச்சு மறுபடி செஞ்சு காட்டு.”

செய்தேன், தேறினேன். டாக்டர் பட்டமும் வந்தது.

பிறகு கல்யாணமாகி மகள் பிறந்தபோது தனம் அக்கா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். குழந்தையைக் கையில் வாங்கினார். அதன் மணிக்கட்டில் என் பெயர் எழுதிய பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என் கணவரிடம் என்னைக் காட்டிக் கேட்டார்:

“நர்சம்மாதான ஒட்டிச்சு? இது ஒட்டலியே?”

மகளுக்கு இப்போது ஆறு வயது. அவள் அடம்பிடிக்கும் போதெல்லாம் என் கணவர் அந்தப் பட்டையைத் தேடி அலமாரியைத் திறக்கிறார்.