நான் உறுதிப்படுத்திய கருங்காலிக் கட்டில்

பத்து நாள் பயிற்சி மனிதனைக் கெடுத்துவிடும். ஒன்றுமே படிக்காதவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். பத்து நாள் படித்தவன்தான் ஊருக்கு ஆபத்து. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், எங்கள் ஊரின் ஆபத்தாகக் கொஞ்சக் காலம் இருந்தவன் நானே.

தொண்ணூறுகள், இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மரங்களை இனங்காண்பது எப்படி என்று தமிழில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய், ஒரு சான்றிதழும் பெருவிரல் அளவு உருப்பெருக்கிக் கண்ணாடியும் வாங்கிக்கொண்டு எங்கள் ஊர் ஆலங்குடாவுக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. தேநீர் கொடுத்தால் கதிரையின் காலைத் தூக்கிப் பார்ப்பேன். ஒரு மையித்து வீட்டில், இறந்தவரைத் தூக்கிப்போகும் சந்தூக்கைத் தட்டிப் பார்த்து, "வேம்பு" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். (அவர் இறந்தவரின் மகன்.)

அந்த நேரத்தில்தான் என் மூத்த சகோதரி ராத்தாவுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் எதையும் வற்புறுத்தவில்லை. மாப்பிள்ளையின் மாமா மட்டும், தங்கள் குடும்பத்தில் எல்லோரும் கருங்காலிக் கட்டிலில்தான் படுப்பார்கள் என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம். வெட்டுவதும் அனுமதியில்லாமல் கொண்டுபோவதும் குற்றம். அதனால்தான் எல்லோருக்கும் அதன் மேல் ஆசை. வாப்பா இரகசியமாக விசாரித்து, மதுரங்குளியில் கட்டில், கதிரை செய்யும் ஓடாவி ஒருவரிடம் அப்படி ஒரு கட்டில் இருப்பதைக் கண்டுபிடித்தார். சரிபார்க்க நிபுணரை அழைத்துப் போனார்.

நிபுணர் பார்த்தார். கறுப்பாக இருந்தது. பாரமாகவும் இருந்தது. (அன்று நான் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கவில்லை.) ஏதோ ஒரு காரமான வாசனையும் வந்தது. மரத்தின் வெட்டுமுகத்தில் உள்ள துளைகளைக் கண்ணாடியால் பார்க்க வேண்டும், கருங்காலியின் துளைகள் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை என்று கையேட்டில் இருந்தது. இங்கே பொலிஷ் அப்பியிருந்த கனத்தில் கண்ணாடிக்கே ஒன்றும் தெரியவில்லை.

"துளையே இல்ல வாப்பா. அவ்வளவு சுத்தமான கருங்காலி," என்றேன்.

ஓடாவி என் அறிவைக் கண்டு பூரித்துப்போனார்.

கட்டிலைக் கழற்றி லொறியில் ஏற்றி, மேலே தென்னந்தும்பு மூட்டைகளை அடுக்கிப் படங்கு போட்டு மூடினோம். மாப்பிள்ளையின் மாமாவும் வழியில் ஏறிக்கொண்டார். பாலாவிச் சந்திக்குக் கிட்ட செக்பொயின்டில் மறித்தார்கள். நன்றாகச் சிங்களம் பேசும் வாப்பா, அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நின்றார். ஓர் இளம் ஆமிக்காரர் படங்குக்குள் தலையை விட்டு, உள்ளே என்ன என்று சிங்களத்தில் என்னைக் கேட்டார். உள்ளே இருட்டு, இப்படிப் பார்த்தால் தெரியாது என்று அவருக்கு உதவியாக ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். இருட்டுக்கு எனக்குத் தெரிந்த சிங்களச் சொல் ஒன்றுதான்.

"களுவர, சேர்."

கருங்காலிக்கும் சிங்களத்தில் அதே பெயர்தான். பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. (சொல்லியிருக்கலாம். அந்த நேரம் நான் சாப்பாட்டு வரிசையில் முதல் ஆளாக நின்றிருப்பேன்.)

அரை மணித்தியாலத்தில் கட்டில் தெருவோரம் கிடந்தது. வன அதிகாரி ஒருவரையும் வரவழைத்துவிட்டார்கள். வாப்பாவின் முகம் வெளிறிவிட்டது. கட்டில் பறிபோகும், அவர் உள்ளே போவார், வெள்ளிக்கிழமை நிக்காஹ் நின்றுபோகும். என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "கருங்காலி" என்றார். மரத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஓம் வாப்பா," என்றேன். சொந்த ஆட்களைக் காட்டிக்கொடுப்பவனுக்கும் அதுதான் பெயர் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதிகாரி கட்டில் காலின் அடியைக் கத்தியால் சீவினார். கறுப்பு ஒரு தாள் கனத்துக்கு உரிந்தது. உள்ளே வெளிறிய மரம். கண்ணாடி இல்லாமலே தெரியும் பெரிய பெரிய துளைகள். "மாமரம்," என்று சிரித்தார். ஆமிக்காரர் குனிந்து முகர்ந்து பார்த்து, இது தான் தினமும் சப்பாத்துக்குப் போடும் பொலிஷ் என்றார்.

அந்த இடத்தில் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு லொறியில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் என்னிடம் சான்றிதழ் இருந்தது.

"இல்ல சேர், இது கருங்காலிதான்," என்று தமிழும் சிங்களமும் கலந்து சொன்னேன்.

வாப்பா என் காலை மிதித்தார். அதிகாரி என்னை விசித்திரமாகப் பார்த்தார். குற்றம் செய்யவில்லை என்று சாதிப்பவர்களைத்தான் அவர் அதுவரை கண்டிருப்பார். பொறுமையாக ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, சீவிய துண்டை அதில் போட்டார். கருங்காலி என்றால் தாழ வேண்டும். துண்டு மிதந்தது.

"கொஞ்ச நேரம் பாப்பம் சேர். காஞ்ச கருங்காலி மெதுவாத்தான் தாழும்."

எல்லோரும் வாளியைச் சுற்றி நின்று பார்த்தோம். துண்டு இடமும் வலமும் சந்தோஷமாக உலாவியது. வாப்பா என் மற்றக் காலையும் மிதித்தார்.

"அது மாமரம் மகன். சேர் சொல்றார்தானே. வாயப் பொத்திட்டு லொறில ஏறு."

வாப்பா தப்பினார். கட்டிலும் தப்பியது. இனிக் கலியாணம் தப்புமா என்பது மாப்பிள்ளையின் மாமாவின் வாயில் இருந்தது. அவர் லொறியின் பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். ராத்தாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அப்போதுதான் முதன்முதலாகப் பயந்தேன்.

கடைசியில் அவர், "கட்டில் எடுத்தது மதுரங்குளிச் சந்திக்குப் பின்னால இரிக்கிற ஓடாவிக்கிட்டயா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றார் வாப்பா, குற்றவாளியைப் போல.

"எங்கட ஊட்டுக் கட்டில் எல்லாமே அவருக்கிட்ட எடுத்ததுதான்."

பிறகு என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "தம்பி, எங்கட ஊட்டுக்கு வலீமா விருந்துக்கு வரக்குள்ள அந்தக் கண்ணாடிய ஊட்டுல வெச்சிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் ராத்தா வீட்டுக்குப் போனால் எனக்குக் கதிரை கிடைப்பதில்லை. ராத்தா பாயை விரித்துவிட்டுச் சொல்வார்: "இது பன் புல்லுப் பாய்தான். நீ பாத்துச் சொல்லத் தேவல்ல, இரி."