சைபர் மாஸ்டரும் கழன்ற கம்பியும்

கண்டி நகரத்திலேயே பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்.

மஹய்யாவையில் பிலோமினா அக்காவின் போர்டிங்கில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த அறை. நான் தெல்தோட்டையிலிருந்து வந்த கிளாக்கர். அவர் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பித்தவர். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைத் தபால்காரரைத் தவிர யாரும் பயன்படுத்தவில்லை. எங்களுக்கு அவர் சைபர் மாஸ்டர்.

கலவரம் வந்தபோது பக்கத்துச் சிங்கள வீட்டார் எங்கள் மூன்று பேரையும் பின்னறையில் ஒளித்து வைத்தார்கள். வாசலில் ஒரு கூட்டம் வந்து, உள்ளே தமிழர் யாராவது உண்டா என்று கேட்டது. மாஸ்டர் வாயைத் திறந்தார். அக்கா கையிலிருந்த பாண் துண்டை அப்படியே அந்த வாய்க்குள் அடைத்துவிட்டார். கூட்டம் போன பிறகு மாஸ்டர் பாணை மென்றுகொண்டே, "கேட்டவைக்கு மறுமொழி சொல்லத்தானே வேணும்" என்றார். அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

இனி அந்தச் சைபர் கதை. சில பொருட்களை மிகமிகக் குளிரவைத்தால் அவற்றுக்குள் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுமாம். தடை சுத்தமாகச் சைபர், வெறும் பூச்சியம். கறுப்பு வில்லை ஒன்றைத் திரவ நைதரசனில் முக்கினாலே போதும் என்று அந்த நாட்களில் கண்டுபிடித்திருந்தார்கள். உலகம் முழுக்க அதே பைத்தியம். குளிரவைக்காமலே சைபர் கண்டேன் என்று இன்றைக்கு ஒருவர் சொல்வார். நாளைக்கு இன்னொருவர் அது பிழை என்பார்.

மாஸ்டருக்கு நைதரசன் கொடுத்தது மாடு வளர்ப்பு அலுவலகம் ஒன்று. காளையின் விந்தைப் பழுதாகாமல் வைக்க அங்கே அது இருக்கும். புகை கக்கும் பெரிய பிளாஸ்கோடு மாஸ்டர் பஸ்ஸில் வருவார். யுத்தக் காலம், தமிழ் ஆள், கையில் புகைகிற சாமான். நானும் கூட வந்த ஒருநாள் செக் பொயின்ற்றில் ஆமிக்காரர் துவக்கை நீட்டி, இது என்ன என்று கேட்டார். கொண்டக்டர் முந்திக்கொண்டு, "ஹரக் தொஸ்தர மாத்தயா" என்றார். மாட்டு டொக்டர் ஐயா என்று அர்த்தம். ஆமிக்காரர் சிரித்து வழிவிட்டார். மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "நான் மாட்டு டொக்டர் இல்லை" என்று இறங்கி விளக்கப் போனவரை நானும் கொண்டக்டரும் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தோம்.

பிறகு நாட்டுக் குழப்பத்தால் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். மாஸ்டர் மீற்றர், கம்பி, வில்லை எல்லாவற்றையும் அக்காவின் விறகு அறைக்குக் கொண்டுவந்தார். அங்கேதான் அது நடந்தது. குளிரவைத்த வில்லை சூடேறச் சூடேறத் தடை வந்து, வில்லையின் வோல்ற்றேஜைக் காட்டும் மீற்றர் முள்ளும் ஏற வேண்டும். அன்றைக்கு ஏறவில்லை. வில்லை அறைச் சூட்டுக்கு வந்த பிறகும் முள் சைபரிலேயே நின்றது. மாஸ்டர் எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் பெட்டியால் மூடி, யாரும் தொடக்கூடாது என்றார். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு என்னைக் கொண்டு கடிதமும் டைப் அடிப்பித்தார்.

"ஆனா இப்ப போடக்கூடாது தம்பி. எங்களைப் பிடிக்காத ஒராள் வந்து பாக்கவேணும்" என்றார். அதுதான் அவருடைய முறை. "விரும்பிற ஆள் மீற்றரை மட்டும்தான் பாக்கும். பிடிக்காத ஆள்தான் கம்பியையும் பாக்கும்."

அவரைப் பிடிக்காதவர் என்று அந்த வட்டாரத்தில் தேடினால் பிலோமினா அக்காதான். வில்லைக்கான மருந்துத் தூளை மாஸ்டர் அக்காவின் அம்மியில் அரைத்துவிட்டார். அம்மி கறுத்து நஞ்சேறிப்போய், பின்பக்கம் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து அக்காவுக்கு அவரோடு பேச்சில்லை. கூப்பிட்டும் வரவில்லை. எனக்குப் பொறுமை இல்லை. மாஸ்டருக்குச் சொல்லாமல் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டேன்.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. வில்லையோடு வாருங்கள், விசாவுக்கு வேண்டிய கடிதம் அனுப்புகிறோம் என்று. நான் கடிதத்தைப் போட்டது அப்போதுதான் மாஸ்டருக்குத் தெரிந்தது. வெளிநாடு போவதற்காக எங்கள் ஆட்கள் சொல்லாத பொய் இல்லை என்றிருந்த காலம் அது. மாஸ்டருக்கோ வழி தானாக வந்து கதவைத் தட்டியது. கேட்டதும் அக்காவுக்கு அம்மி மறந்துவிட்டது. "போயிருங்க மாஸ்டர். இங்க ஒங்களுக்கு எத்தன தடவதான் நான் வாயில பாண் அடைக்கிறது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போறதுக்கு முதல் ஒருக்கா வந்து பாருங்கோ அக்கா" என்றார் மாஸ்டர்.

அக்கா வந்து, கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி, குனிந்து பார்த்தார். "இந்தக் கம்பி எதுலயும் ஒட்டலையே மாஸ்டர்" என்று ஒரு விரலால் அழுத்தினார். முள் குதித்து ஏறியது. விரலை எடுத்தார், சைபர். அழுத்தினார், ஏறியது. கம்பி என்றைக்கோ கழன்றிருக்கிறது. கழன்ற கம்பி சைபரைத் தவிர வேறு எதைக் காட்டும்?

அக்கா, "ஐயோ, என் கையால கெடுத்துட்டேனே!" என்று அழுதார். மாஸ்டர் தானும் ஒரு தடவை கம்பியை அழுத்தி விட்டுப் பார்த்தார். பிறகு, "நீங்கள்தான் அக்கா சரியாப் பாத்தனீங்கள்" என்றார்.

நான் அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "மாஸ்டர், இது நம்ம மூணு பேருக்குத்தானே தெரியும். மொதல்ல போய்ச் சேருங்க. மத்தத அங்க பாத்துக்கலாம்" என்றேன்.

"பேராசிரியர் கேட்டவர் தம்பி. மறுமொழி சொல்லவேணும். இன்னொரு கடிதம் அடிச்சுத் தாரும்."

நான் டைப்ரைட்டர் நாடாவைக் கழற்றி அரிசி டின்னுக்குள் ஒளித்துவிட்டு, நாடா தீர்ந்துபோனது என்றேன். மாஸ்டர் கையாலேயே எழுதி அனுப்பினார். அவருடைய கையெழுத்தைப் பார்த்தால் மருந்துக்கடைக்காரரும் ஓடிவிடுவார். பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது: எழுத்து விளங்கவில்லை, தயவுசெய்து டைப் செய்து அனுப்பவும்.

மாஸ்டர் அந்தக் கடிதத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றார். நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரிசி டின்னையும் பார்க்கவில்லை. நான் போய் அரிசிக்குள் கைவிட்டு நாடாவை எடுத்தேன். தூசி தட்டி, மாட்டி, அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். "கம்பி கழன்றிருந்தது. பிழை என்னுடையது." விசாக் கடிதம் வரவேயில்லை. யுத்தம் முடிந்து யாழ்ப்பாணம் திரும்பும்வரை மாஸ்டர் கண்டியிலேயே இருந்தார். புது அம்மி ஒன்றை அவரே தோளில் சுமந்து வந்து அக்காவுக்குக் கொடுத்தார்.

இப்போதும் சாதாரணச் சூட்டில் சைபர் கண்டுவிட்டோம் என்று எங்கிருந்தாவது செய்தி வந்தால், அன்றைக்கே எனக்குப் போன் வரும்.

"தம்பி, கம்பியை ஆட்டிப் பாத்திருப்பினமோ?"

"அவங்ககிட்ட ஒரு பிலோமினா அக்கா இருக்கணுமே மாஸ்டர்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவர் வெளிநாடு போக முடியாமல் போனதே என்று அந்த நாட்களில் பார்த்தவர்களிடமெல்லாம் வருத்தப்பட்டிருக்கிறேன். அது பொய். அந்தக் கடிதத்தை அடித்து முடித்த அன்றைக்கு, பக்கத்து அறை காலியாகாது என்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இத்தனை வருடமாகியும் அதை மாஸ்டரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டால் சொல்லிவிடுவேன்.